ஊரணிக்கு வந்த 42 பேர் ஒன்பது பேரானது ஏன்?

கேள்வி: தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் கடலோரத்தில் எங்கள் ஊர். எனக்கு 24 வயது. ஊரணி தூர்ந்துபோனதால் கோடையில் எங்கள் வீட்டுப் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள். ஊராட்சியில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை இளைஞர்களைத் திரட்டித் தூர்வாரத் தொடங்கினோம். நீளம் 130 அடி, அகலம் 100 அடி, வண்டல் ஓரடிக்குக் கிடக்கிறது. கையில் ஒன்பது மம்பட்டிகள். முதல் வாரம் 42 பேர் வந்தார்கள். பிறகு 35, 26, 17, 12. போன வாரம் 9 பேர். ஒரு மூலைதான் முடிந்திருக்கிறது. அள்ளிய மண் உள்கரையிலேயே குவிந்து கிடக்கிறது. உள்ளூரிலும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடமும் 38,500 ரூபாய் சேர்ந்தது. அதில் பனியனுக்கும் பிளக்ஸுக்கும் 9,200 போனதை ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் எழுந்து கேட்டுவிட்டார்கள். கூடப் படித்த நண்பன், "முதல்ல ஊரணிக்குத் தண்ணி வர்ற வரத்துக்காலப் பாக்கணும்னு சொன்னேன், நீ காதுலயே வாங்கல" என்று சொல்லி விலகிவிட்டான். தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள என்ன செய்வது? மேடைப்பேச்சுப் பயிற்சிக்குப் போகலாமா?

பதில்:

தம்பி, பேச்சுப் பயிற்சி இப்போது வேண்டாம். விடிகாலையில் 42 பேரைச் சேற்றில் இறங்க வைத்த வாய்க்கு ஒரு குறையும் இல்லை. குறை இரண்டு இடத்தில் இருக்கிறது. வேலையை அளக்காமல் ஆளைக் கூப்பிட்டீர்கள். வந்த ஆளிடம் மண்ணைத்தான் கொடுத்தீர்கள், முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. இரண்டையும் இந்த மழைக்கு முன்னாலேயே சரிசெய்யலாம்.

முதலில் கணக்கு. 130 அடி நீளம், 100 அடி அகலம், ஓரடி ஆழம் என்றால் 13,000 கன அடி. மண் வியாபாரத்தில் 100 கன அடி ஒரு யூனிட். ஆக 130 யூனிட். மண்வேலை பழகாத ஒருவர் காலை இரண்டரை மணி நேரத்தில் ஈர வண்டலை வெட்டிச் சுமந்து கரையேற்றினால், அதிகம் போனால் 10 கன அடி. குறைவாகத் தோன்றும். ஆனால் அந்த 10 கன அடி கிட்டத்தட்ட அரை டன் எடை. சட்டிக்கு 15 கிலோ வைத்தாலும் முப்பது நடை. 42 பேரும் ஒருவர் விடாமல் வாராவாரம் வந்திருந்தாலும் 31 ஞாயிற்றுக்கிழமைகள் ஆகியிருக்கும். ஜூலையில் தொடங்கினால் ஜனவரி கடைசி. நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்து ஊரணியையே மூடிவிடும். அதாவது இந்த வேலை முதல் நாளே முடியாத வேலை. வந்தவர்கள் யாரும் பென்சிலை எடுத்துக் கணக்குப் போடவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் கரையில் நின்று பார்த்தபோது அவர்கள் கண்ணுக்கு அது தெரிந்துவிட்டது. அதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

உங்கள் ஆறு வாரக் கணக்கைக் கூட்டினால் மொத்தம் 141 ஆள்வரவு. ஆளுக்கு 10 கன அடி வைத்தால் 14 யூனிட் மண். ஒன்பது மம்பட்டியை வைத்துக்கொண்டு இது நல்ல வேலை. அடுத்த கூட்டத்தில் இந்த எண்ணைச் சொல்லுங்கள். "ஒரு மூலைதான் முடிந்தது" என்று நீங்களே சொல்லிக்கொண்டிருந்தால், உழைத்தவன் மனம் நோகும்.

மம்பட்டி விஷயத்துக்கு வருகிறேன், ஆள் குறைந்ததற்கு நேரடிக் காரணம் அதுதான். ஒரு மம்பட்டிக்கு மூன்று பேர் என்பதுதான் கணக்கு: ஒருவர் வெட்ட, ஒருவர் சட்டியில் அள்ள, ஒருவர் சுமக்க. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வெட்டுகிறவர் முதுகு எட்டு மணிக்குள் போய்விடும். ஒன்பது மம்பட்டிக்கு 27 பேர். முதல் வாரம் மீதி 15 பேர் என்ன செய்தார்கள்? நின்றார்கள், படம் எடுத்தார்கள், வெயில் ஏறியதும் போனார்கள். கை சும்மா இருந்தவன் "நான் போகாட்டியும் நடக்கும்" என்று முடிவு கட்டிவிடுவான். ஆகவே இனி ஆளை எண்ணிவிட்டு மம்பட்டி தேடாதீர்கள். மம்பட்டியை எண்ணி ஆளைக் கூப்பிடுங்கள். 18 பேருக்கு ஆறு மம்பட்டி, பன்னிரண்டு சட்டி, இரண்டு கடப்பாரை போதும். சட்டி இரண்டு மடங்கு இருந்தால்தான் ஒன்று போய் வரும்போது இன்னொன்று நிரம்பும்.

அடுத்து, நாள். ஞாயிறு காலையை நீங்கள் தேர்ந்தெடுத்தது பள்ளிக்கூட, அலுவலகக் கணக்கு. ராமேசுவரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகின்றன. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில்தான் கரை சேரும். உங்கள் ஊர்ப் பையன்களில் விசைப்படகுக்குப் போகிறவர்கள் இருந்தால், நீங்கள் மம்பட்டியோடு கூப்பிடும் நேரத்தில் அவர்கள் மீனை இறக்கிக்கொண்டோ, இரவெல்லாம் வலை இழுத்த அலுப்பில் தூங்கிக்கொண்டோ இருப்பார்கள். சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களுக்கு அதே நேரத்தில் பூசை. வெள்ளிக்கிழமைக்கு மாற்றினால் ஜும்ஆ தொழுகை நேரத்தைப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரே நாள் கடற்கரை ஊரில் கிடைக்காது. அதனால் இரண்டு முறை வையுங்கள்: ஞாயிறு காலை 6 முதல் 8.30 வரை ஒன்று. வாரநாளில் மாலை 4.30 முதல் 6.15 வரை ஒன்று. எந்த வாரநாள் என்பதைப் படகுக்குப் போகிறவர்களே சொல்லட்டும். வாட்ஸப்பில் கேட்டால் யாரும் பதில் போடமாட்டார்கள். வலை பின்னும் இடத்துக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இப்போது முக்கியமான முடிவு. ஆகஸ்ட் நடுவில் இருக்கிறீர்கள். செப்டம்பர் முடிய ஆறு ஞாயிறுகள்தான் கையில். தூர்வாருவதை இன்றே நிறுத்துங்கள். தோற்றுப்போனதாக யாரும் நினைக்காதபடி அதை நீங்களே கூட்டத்தில் சொல்ல வேண்டும்: "இந்த வருஷம் தண்ணீர் வந்து சேரட்டும், அடுத்த வருஷம் ஆழம்." உங்கள் நண்பர் சொன்னது சரி. வரத்துக்கால் அடைபட்டிருந்தால் ஊரணியைப் பத்தடி ஆழப்படுத்தினாலும் தன் தலையில் விழுந்த மழையைத் தவிர வேறு தண்ணீர் வராது.

அந்த நண்பரை எப்படித் திரும்ப அழைப்பது என்று தனியாக யோசிக்காதீர்கள். எல்லாரும் இருக்கும்போது, "நீ சொன்னதுதான் சரி, நான் கேட்காதது தப்பு" என்று சொல்லி, வரத்துக்கால் வேலையை முழுசாக அவரிடம் கொடுங்கள். முழுசாக என்றால், எங்கே தொடங்குவது, எத்தனை பேர், எந்த நாள், எவ்வளவு செலவு என்பது அவர் முடிவு. அவர் உங்களிடம் கேட்டால்கூட, "நீயே பாத்துக்க" என்று சொல்லப் பழகுங்கள். இந்த இடத்தில்தான் இளைஞர் குழுக்கள் பெரும்பாலும் உடைகின்றன. பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று திருத்திக்கொண்டிருந்தால், கொடுத்தது பொறுப்பு ஆகாது, கூலி இல்லாத வேலைதான்.

அவர் செய்ய வேண்டியதை இங்கே சொல்கிறேன்; அவரிடம் இந்தப் பகுதியை அப்படியே காட்டலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரணியின் சர்வே எண்ணையும் புலப்படத்தையும் பார்த்து, வரத்துக்கால் எந்த வழியாக வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பட்டா நிலத்தை ஒட்டிப் போனால் அந்த வீட்டில் முதலில் போய்ப் பேச வேண்டும், மம்பட்டி பிறகு. பிறகு வரத்துக்கால் முழுக்க நடந்து மூன்றைத் தேட வேண்டும்: சாலை குறுக்கே போட்டபோது குழாய் வைக்காமல் மண்ணடித்த இடம், சீமைக்கருவேலம் வேரோடிய இடம், குப்பை கொட்டி மேடான இடம். கண்ணளவில் மட்டம் பார்க்கக் கூடாது. கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலை வாங்கி 30 அடிக்கு ஒரு முளை அடித்து மட்டம் பிடியுங்கள். நம் கடலோரம் தட்டையான பூமி. 600 அடிக்கு அரையடிச் சரிவே பெரிது. நடுவில் ஒரே இடம் மூன்றங்குலம் மேடாக இருந்தாலும் தண்ணீர் அங்கேயே நின்று பக்கத்துப் பொட்டலில் பரவிவிடும்.

வரத்துக்கால் 600 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், 30 அடிக்கு ஒரு துண்டாக 20 துண்டுகள். இரண்டடி அகலத்தில் அரையடி மண் எடுத்தால் ஒரு துண்டுக்கு 30 கன அடி. மூன்று பேருக்கு ஒரு காலை வேலை, கச்சிதம். 18 பேர் வந்தால் வாரம் ஆறு துண்டுகள். நான்கு வாரத்தில் முடிந்துவிடும். இதில் இன்னொரு நன்மை, ஒவ்வொரு மூவரும் எட்டரை மணிக்கு "எங்க துண்டு முடிஞ்சது" என்று நிமிர்ந்து பார்க்கலாம். முளையில் அவர்கள் பெயரை எழுதுங்கள். 130 யூனிட் குழியில் அந்தத் திருப்தி ஒருநாளும் கிடைக்காது.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டையிலிருந்து இரண்டு மடங்காகத் தழைக்கும். அடியைச் சுற்றி ஓரடி தோண்டி, வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். வெட்டிய கிளையைக் கையால் தொடாமல் கவைக்கம்பால் தள்ளுங்கள். ரப்பர் செருப்பை அந்த முள் ஊடுருவிவிடும். கனமான ஷூ இல்லாதவரை அந்த வேலையில் விடாதீர்கள், டி.டி. ஊசி போட்டவர்தானா என்றும் கேளுங்கள். புதருக்குள் கை விடும் முன் கம்பால் தட்ட வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் கூடாது. ஆளை நடக்க விடாமல், கடித்த உறுப்பை அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தலைக்கு இரண்டு லிட்டர் குடிதண்ணீர் தயாராக இருக்கட்டும்.

ஊரணி வாயில் கால் சேரும் இடத்துக்கு முன்னால் நாலடிக்கு நாலடி, மூன்றடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி வெட்டுங்கள். ஓடிவரும் மண் அதில் விழுந்து, தண்ணீர் மேலாக வழிந்து உள்ளே போகும். ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு அதைத் தோண்டி எடுத்துவிட்டால், இன்னொரு முறை ஊரணி முழுக்கத் தூர்வாரும் வேலை பல வருஷம் தள்ளிப்போகும்.

உள்கரையில் குவித்திருக்கும் 14 யூனிட் மண்ணை விட்டுவைக்காதீர்கள். முதல் கனமழையில் அத்தனையும் உள்ளே இறங்கிவிடும்; 141 ஆள்வரவும் வீண். ஒரு டிராக்டர் பெட்டி ஏறக்குறைய ஒரு யூனிட் கொள்ளும், ஆகவே 14 நடை, ஒருநாள் வாடகை. கரையின் வெளிப்புறச் சரிவில் கொட்டித் திமிசு போட்டு இறுக்கினால் கரையும் பலப்படும். மண்ணை ஊரணி எல்லையை விட்டு வெளியே கொண்டுபோவதானால், வயலுக்கே ஆனாலும், வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். ஊராட்சியிலும் வாய்வார்த்தை போதாது. தலைவரோ தனி அலுவலரோ, பொறுப்பில் இருப்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். யாராவது ஒருவர் மண் கடத்துகிறார்கள் என்று புகார் கொடுத்தால், காவல் நிலையத்தில் உங்கள் பையன்களுக்கு உதவப்போவது அந்தத் தாள்தான்.

அடுத்த வருஷ ஆழத்துக்கு நாள் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது என்றே சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுப் பையன்கள் கரையில் இருக்கும் காலமும், ஊரணி அடி காய்ந்து கிடக்கும் காலமும் ஒன்றே. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, ஆகவே வள்ளத்தில் போகிறவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அக்டோபர் 2 கிராம சபையில் ஊரணி ஆழப்படுத்தலைத் தீர்மானமாக எழுத வையுங்கள். அதற்கு முன் ஒன்றிய அலுவலகத்தில், இதே ஊரணிக்கு அரசுத் திட்டம் எதிலாவது வேலை எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மண் எடுப்பதை ஜே.சி.பி.யிடம் விடுங்கள். அதற்கு மணிக்கணக்கில் வாடகை, நின்றாலும் காசு. ஒரு டிராக்டரை நிரப்ப ஐந்து நிமிடம், கொட்டிவிட்டுத் திரும்ப இருபது நிமிடம் என்றால், ஐந்து டிராக்டர் இருந்தால்தான் இயந்திரம் நிற்காது. பல ஊர்களில் இரண்டு டிராக்டரை வைத்துக்கொண்டு பாதிப் பணத்தை ஜே.சி.பி. நிற்பதற்கே கொடுக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஆழம். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து கிடக்கிறது. ஊரணியின் அடியில் இருக்கும் களிமண் படுகைதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. "வந்ததுதான் வந்தது, இன்னும் ரெண்டடி எடுத்துரு" என்று கரையில் நிற்கும் யாராவது சொல்வார்கள். களியை உடைத்தால் தண்ணீர் கீழே மணலில் இறங்கிவிடும், அல்லது உவர் மேலே ஏறும். பிறகு அந்த ஊரணி குடிக்க உதவாது. ஆகவே இயந்திரம் வருவதற்கு முந்தைய நாள், மூன்று நான்கு இடத்தில் கையால் சோதனைக் குழி போடுங்கள். மேலே கறுப்பாக, நாற்றத்தோடு, கையில் வழிவது வண்டல். கீழே கெட்டியாக, உருட்டினால் உருண்டை நிற்பது களி. களி தொடங்கும் மட்டத்தைச் சிவப்புப் பெயின்ட் அடித்த முளைகளால் காட்டுங்கள். குழியில் தண்ணீர் ஊறினால் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரால் பாருங்கள், குடிதண்ணீருக்கு 500-க்குள் நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. ஜே.சி.பி. ஓடும் நேரம் முழுதும் முளைக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு மட்டும். ஊர்த்தலைவர் சொன்னாலும், நீங்கள் சொன்னாலும் அவர் சொல்லே முடிவு. இயந்திரம் இறங்கக் கரையை வெட்டினால், அந்த வெட்டை வெறும் மண்ணால் மூடாமல் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து, இடித்து மூடுங்கள். அங்கேதான் கரை உடையும். உள்சரிவைச் செங்குத்தாக விடாதீர்கள், ஓரடி இறக்கத்துக்கு இரண்டடி அகலம் இருக்கட்டும். பிள்ளைகள் வழுக்கி விழுந்தால் ஏறிவர வேண்டும்.

அந்த முளைக்காவலுக்குத் தண்ணீர் எடுக்கும் பெண்களில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அவர்கள் வண்டி தள்ளுகிறார்கள், அதோடு சரி. ஊரணியில் எந்த மூலையில் கடைசிவரை தண்ணீர் நிற்கும், எங்கே ஊற்றுத் தோண்டினால் சிரட்டையில் கோரும் தண்ணீர் இனிப்பாக இருக்கும், எங்கே கரிக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சோதனைக் குழி போடும் இடத்தையும், படித்துறை எந்தப் பக்கம் என்பதையும் அவர்கள் சொல்லட்டும். மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் நேரத்தில் நீங்கள் போங்கள். உங்கள் கூட்டத்துக்கு அவர்களை வரச்சொல்லாதீர்கள்.

பணம். பனியனுக்கும் பிளக்ஸுக்கும் போன 9,200 ரூபாய் பற்றிப் பெரியவர்கள் கேட்டது நியாயம். ஊரணிக்கென்று வாங்கிய பணம் அது. ஆத்திரப்படாமல், அடுத்த ஊர்க்கூட்டத்தில் கேட்கும் முன்பே வரவு செலவை முழுசாக வாசியுங்கள், பனியன் செலவையும் உரக்கவே. பனியன் வாங்கியவர்கள் தவணையில் திருப்பிக் கட்டுகிறோம் என்று சொன்னால் இன்னும் நல்லது. பிளக்ஸையும் சேர்த்து 40 பேர் பங்கிட்டால் ஆளுக்கு 230 ரூபாய்தான். இனிமேல் பக்க எண் போட்ட நோட்டு ஒன்று. செலவு எழுதுகிறவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் வேறொருவர், நீங்கள் இரண்டுமில்லை. 500 ரூபாய்க்கு மேல் செலவு என்றால் அந்த இருவர் கையெழுத்தும் வேண்டும். வாராவாரம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவதோடு, டீக்கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். பெரியவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் அடுத்த வருஷம் ரொக்கம் கேட்காமல், "ஜே.சி.பி. இரண்டு மணி நேரம் உங்கள் பொறுப்பு" என்று கேளுங்கள். தடைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே தலைக்கட்டு வரி பேசலாமா என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யட்டும். வீட்டுக்கு 100 ரூபாய் கொடுத்த ஊர், ஊரணியில் மாடு இறங்கினாலும் கேள்வி கேட்கும்.

இனி உடனே செய்ய வேண்டியது. மிஞ்சிய ஒன்பது பேரையும் இந்த வாரமே உட்கார வையுங்கள். மூன்று மூன்றாகப் பிரித்து, வரத்துக்கால், உள்கரை மண், கருவி என்று குழுவுக்கொரு துறை. கருவி வைத்திருப்பவர் மம்பட்டிக்கு எண் எழுதி, வேலை தொடங்கும்போது கொடுத்து முடிந்ததும் எண்ணி வாங்க வேண்டும். இரண்டு மம்பட்டி காணாமல் போனால் ஆறு பேர் சும்மா நிற்பார்கள். ஒன்பது பேரும் ஆளுக்கு ஒருவரை, பெயர் சொல்லி, இன்ன முளைக்கு என்று சொல்லி அழைத்து வரட்டும். அதுதான் 18. முப்பது பேர் வந்தால் சந்தோஷப்பட்டு எல்லாரையும் இறக்காதீர்கள். மிச்சப் பேருக்கு அடுத்த வாரத் துண்டை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

வரத்துக்கால் முடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது, அதை இப்போதே ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். பருவத்தின் முதல் மழைத் தண்ணீர் சாணி, பிளாஸ்டிக், எண்ணெய் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். அதை ஊரணிக்குள் விடக் கூடாது. வாயில் பத்து மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைப் பக்கத்தில் திருப்பிவிட்டு, வரத்துக்கால் கழுவப்பட்டுத் தண்ணீர் தெளிந்த பிறகு மூட்டையை எடுக்க வேண்டும். நேரம் தப்பினால் அழுக்கு உள்ளே போகும், அல்லது நல்ல தண்ணீர் வெளியே ஓடிவிடும். மழை ராத்திரி இரண்டு மணிக்கும் வரலாம். ஊரணிக்குப் பக்கத்து வீடுகளில் நான்கு பேரை வாரத்துக்கு ஒருவராக முறை போட்டு, டார்ச், மம்பட்டி, மூட்டை மூன்றையும் அந்த வீட்டுத் திண்ணையிலேயே வையுங்கள். அந்த நான்கு பேரில் உங்கள் பெயர் வேண்டாம்.